முதல் எழுத்து ஏ

எங்கள் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் மூணெழுத்து. நான் மட்டும் முகத்துக்கு நேரேயே மூணெழுத்து என்பேன். பதினொரு வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அவருடைய இருமல், தும்மல், பென்சில் சீவுகிற சத்தம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவளுக்கு இந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

பட்டப்பெயர் எப்படி வந்தது என்று தெரியவேண்டுமானால் ஒரு பாட்டு டிஸ்க்கை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். அந்தக் காலத்து டிஸ்க்காக இருந்தால், அட்டையின் ஓரத்தில் சின்னக் கட்டத்துக்குள் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். பாடும்போது எந்த வகை மிஷினில் பிடித்தார்கள் என்பது முதல் எழுத்து. பிடித்ததை வெட்டி ஒட்டிக் கலந்தது எதில் என்பது இரண்டாவது. டிஸ்க் அச்சடிக்க மூலப் பிரதி செய்தது எதில் என்பது மூன்றாவது. டேப்பில் பதிகிற அனலாக் என்றால் ஏ, டிஜிட்டல் என்றால் டி. டிஸ்க் என்றாலே கடைசிப் படி டிஜிட்டல்தான், அதனால் மூன்றாவது எழுத்து எப்போதும் டி. வம்பெல்லாம் முதல் இரண்டில்தான்.

அந்த எழுத்துகளை முடிவு செய்வது அவர் வேலை. கம்பெனியின் பின்கட்டில் டேப்புகளை அடுக்கிய இரும்பு அலமாரிகள் பதினாறு இருந்தன. ஒவ்வொரு டேப் பெட்டிக்குள்ளும் ஒரு பதிவுத்தாள் இருக்கும். எந்தத் தேதி, யார் பாடினது, எந்த மிஷின், எந்த வேகம் என்று அதில் எழுதியிருக்கும். அவர் அந்தத் தாளைப் பார்ப்பார், பிறகு டேப்பை ஓட்டிக் காதால் கேட்பார், இரண்டும் ஒத்துப்போனால்தான் எழுத்தைச் சீட்டில் எழுதி என் மேசையில் வைப்பார். அட்டையை வடிவமைத்து அந்தக் கட்டத்தில் எழுத்தை ஒட்டுவது என் வேலை. மூன்றே மூன்று எழுத்துக்கு இந்த மனுஷன் மூன்று நாள் எடுத்துக்கொள்வதைப் பார்த்து நான் எத்தனையோ தரம் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

விற்பனை மேனேஜர் வாரம் ஒரு தரம் வந்து அவரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு போவார். கடைகளில் மூன்றும் டி என்றால் கண்ணாடி அலமாரியில், கண்ணுக்கு நேராக வைப்பார்கள். ஏ என்று ஆரம்பித்தால் தரையில் கிடக்கிற பெட்டிக்குப் போய்விடும். குனிந்து தேடுகிறவனுக்குத்தான் கிடைக்கும்.

"முதல் ரெண்டு எழுத்தையும் டின்னு போட்டுடுங்க சார். யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"யாரும் கேக்க மாட்டாங்கன்னுதான் நான் இங்க உக்காந்திருக்கேன்."

லீவு நாளில் வீட்டில் இருக்கவேண்டியதுதானே? இல்லை, கடை கடையாகப் போய்ச் சண்டை போடுவார். "'ஏ'ன்னா மட்டம்னு உங்களுக்கு யாரு சொன்னது? அது மிஷினோட வகைங்க. பாடினவங்களுக்குப் போட்ட மார்க் இல்ல." கடைக்காரர்கள் தலையாட்டுவார்கள், அவர் தெருமுனை திரும்பியதும் டிஸ்க்கை மறுபடி தரைப் பெட்டிக்குள் தள்ளுவார்கள். நான் கேலி செய்வேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

அந்தக் காதைப் பற்றியும் சொல்லவேண்டும். அடுத்த அறையில் டேப் ஓடினால் அது எந்த வருஷத்து டேப், எந்த அலமாரி என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லுவார். எங்கள் மேசைகளுக்கு நடுவில் இருந்த போன் அடித்தால் எப்போதும் அவர்தான் எடுப்பார். எதிர்முனையில் ஆள் வாயைத் திறப்பதற்கு முன்பே இன்னார் என்று கண்டுபிடித்துவிடுவார். "மூச்சு விட்டாலே போதும், ஆளைச் சொல்லிடுவேன்" என்று பெருமை வேறு. அவர் பீற்றிக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான். இல்லை, இன்னொன்றும் உண்டு. அவருடைய தங்கை.

தங்கை அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். வானொலி நிலையத்தில் சேர்ந்திசைக் குழுவில் சம்பளத்துக்குப் பாடுகிறவள். இருபது பேர் வரிசையில் மூன்றாவது ஆளாக நின்று பாடுகிறவளை யாருக்குத் தெரியும்? ஆனால் வானொலியில் அந்தக் குழு பாட ஆரம்பித்தால் போதும், இவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதோ, இது அவ" என்பார். எனக்கு இருபது பேரும் ஒன்றாகத்தான் கேட்கும். "ஆமாமா" என்று சொல்லிவைப்பேன்.

அவள் தனியாகப் பாடியது ஒரே ஒரு தரம். எங்கள் ஸ்டுடியோவில்தான், ஒரு சாயங்காலமும் மறுநாள் காலையும், எட்டுப் பாட்டு. அன்று மிஷினில் டேப் மாட்டியதே இவர்தான். பதிவுத்தாள் எழுதியதும் இவர்தான். முதலாளி கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா விக்கற அளவுக்குப் பேர் வரணுமே" என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டார். அது அங்கேயே எட்டு வருஷம் கிடந்தது.

எட்டாவது வருஷம் அவள் தொண்டை கெட்டது. முதலில் கரகரப்பு, அப்புறம் மேல் சுரமே எழவில்லை. குரல்நாணில் கட்டி என்றார் டாக்டர். பேசவே கூடாது, ஒரு வார்த்தைகூடக் கூடாது என்று உத்தரவு. நிலையத்தில் ஒரு வருஷம் மருத்துவ விடுப்பு கொடுத்தார்கள். ஒரு கோடு போட்ட நோட்டும் பென்சிலும் வாங்கிக்கொண்டாள். கணவனிடம் சண்டை போடுவதும் அந்த நோட்டில்தான், காய்கறிப் பட்டியலும் அதில்தான். மருந்தில் கட்டி கரையவில்லை. ஐந்தாவது மாதம் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். குரல் பழையபடி வருமா என்று கேட்டதற்கு டாக்டர் மேசை மேல் இருந்த காகிதங்களை அடுக்கினாராம்.

அன்று சாயங்காலம் அவள் அண்ணனுக்கு நோட்டில் எழுதிக் காட்டினாள். "என் பழைய டேப் இருக்கா?"

மறுநாள் காலை அவர் முதலாளி அறைக்குப் போனதை நான் பார்த்தேன். பதினொரு வருஷத்தில் தனக்கென்று அவர் எதையும் கேட்டு அந்த அறைக்குள் நுழைந்ததில்லை. கதவு திறந்தே இருந்ததால் பேச்சு முழுக்கக் கேட்டது. நான் ஒட்டுக்கேட்கவில்லை என்று சத்தியமெல்லாம் செய்ய மாட்டேன்.

முதலாளி மோசமான ஆளில்லை. கணக்காகப் பேசுகிறவர். "நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்? இப்பக் கலந்தா ரெண்டாவது எழுத்து டி ஆயிடும். மூணாவது எப்பவும் டி. முதல் எழுத்துதான் இடிக்குது. 'ஏ'ன்னு ஆரம்பிச்சா தரைப் பெட்டி. பேர் இல்லாத ஆள், தரைப் பெட்டியில போட்டா யாரு குனிஞ்சு எடுப்பான், சொல்லுங்க. முதல் எழுத்தும் டின்னா போடலாம். அது உங்க கையில. நீங்க என்ன எழுதறீங்களோ, அதான்."

அந்த நேரத்தில் கம்பெனிக்கு டிஜிட்டல் பதிவு மிஷின் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பத்திரிகையில் அரைப்பக்க விளம்பரம், மிஷின் பக்கத்தில் முதலாளி நிற்கிற படத்தோடு. ஆக, டி என்று எழுதவேண்டுமானால் பாட்டு இந்த இரண்டு மாதத்துக்குள் பதிவானதாக இருக்கவேண்டும். இதை நான் இப்போது இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். அன்று எங்கள் யார் மண்டையிலும் இது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் பழைய பதிவுத்தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். புதுத் தாள் எடுத்துப் பாட்டுகளை வரிசையாக எழுதினார், மிஷின் என்ற இடத்தில் புது மிஷினின் எண்ணைப் போட்டார். தேதி என்ற இடத்துக்கு வந்ததும் கை தானாக அன்றைய தேதியைப் போட்டுவிட்டது. பொய் சொல்லிப் பழக்கமே இல்லாத மனுஷன், பாருங்கள். பொய்த் தாளிலும் உண்மையான தேதியைப் போட்டிருக்கிறார். ஆபரேஷனுக்குச் சரியாக ஒன்பது நாள் இருந்தது.

கலக்கும்போது கூடவே உட்கார்ந்திருந்தார். பாட்டுக்குப் பாட்டு நடுவில் இருந்த டேப் இரைச்சலை இன்ஜினியர் துடைத்து எடுத்தார். மூன்றாவது பாட்டில் ஓர் இடம் வந்தபோது, "இங்க லேசா ஏதோ கேக்குதே, வெட்டிடவா?" என்று கேட்டார். இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கலந்து முடித்த பழைய டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்துவது கம்பெனி வழக்கம். அந்த வாரம் அழிக்கப் போன கட்டோடு தங்கையின் டேப்பும் போயிற்று. எடுத்து வைத்திருக்கலாம். வைத்திருந்தால், டிஜிட்டலில் பதிந்த பாட்டுக்கு டேப் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்கள். அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். மத்தியானம் சாப்பிடாததை நான் கவனித்தேன், எதற்கென்று கேட்கவில்லை.

சீட்டு என் மேசைக்கு வந்தது. டிடிடி. எனக்கு அந்தப் பாட்டு எந்தக் காலத்தது என்று நன்றாகத் தெரியும். அதைப் பாடும்போது டீ வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்ததே நான்தான்.

"என்ன மூணெழுத்து, ஒருவழியா புத்தி வந்துடுச்சா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒட்டுங்க" என்றார்.

ஒட்டினேன். மனுஷன் கடைசியில் எல்லோரையும் போல ஆகிவிட்டார் என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

டிஸ்க் வந்தபோது ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தங்கை அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தாளாம். கண்ணாடி அலமாரியில் அது நின்றதைப் பார்க்க அண்ணன் ஒரு கடைக்கு மூன்று தரம் போய்வந்தார். முன்பக்கம் நாங்கள் போட்டது அவளுடைய பழைய படம், இரட்டைச் சடையோடு. பின்பக்கத்தை அவள் திருப்பிப் பார்க்கவே இல்லை.

பார்த்தது வேறொரு ஆள். வானொலி நிலையத்தின் இசை நூலகத்தில் ஒரு குமாஸ்தா இருந்தார். அவரும் நம் ஆளைப் போலவே ஒரு பிறவி. வருகிற ஒவ்வொரு டிஸ்க்கையும் ரிஜிஸ்டரில் ஏற்றும்போது அந்த மூன்று எழுத்தையும் தனிக் கட்டத்தில் எழுதிவைப்பார். எங்கள் கம்பெனிக்கு மிஷின் எந்த மாதம் வந்தது என்பதும் விளம்பரத்தைப் பார்த்து அவருக்குத் தெரியும். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. டீ குடிக்கிற இடத்தில் மெச்சித்தான் சொல்லியிருக்கிறார். "பாவம், தொண்டை சரியில்லாம லீவுல இருக்கறப்பவும் எவ்வளவு நல்லா பாடியிருக்காங்க!"

அவ்வளவுதான். பேச்சு நிர்வாக அறைக்குப் போனது. மருத்துவ விடுப்பில் இருக்கிற கலைஞர் வெளியில் பாடினால் வேலை போய்விடும், இது நிலையத்து விதி. எங்கள் கம்பெனிக்குக் கடிதம் வந்தது, பதிவான தேதியைக் கேட்டு. அன்று நம் ஆள் தங்கையை டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தார். ஆபீஸ் பையனிடம் சொல்லித் தாளைத் தேட வைக்கிற அளவுக்குக்கூட வேலையில்லை, மூலப் பிரதிப் பெட்டியின் மேலேயே இருந்தது. முதலாளியின் உதவியாளர் நகல் எடுத்து அனுப்பிவிட்டார். நகலில் தேதி பளிச்சென்று இருந்தது.

ஒரு வாரம் கழித்து மத்தியானம் தங்கையின் கணவர் எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். பஸ் ஓட்டுகிறவர், சீருடையைக்கூட மாற்றவில்லை. ஒரு கையில் நிலையத்து நோட்டீஸ், இன்னொரு கையில் மனைவியின் கோடு போட்ட நோட்டு.

"மச்சான், இதைக் கொஞ்சம் படிங்க. ஆபரேஷனுக்கு ஒம்போது நாள் முன்னாடி உங்க கம்பெனியில வந்து பாடினாளாம். டாக்டர் பேச்சைக் கேக்காம பாடித் தொண்டையைக் கெடுத்துக்கிட்டு, லீவும் வாங்கிக்கிட்டு நிலையத்தை ஏமாத்திட்டாளாம். ஒரு வார்த்தை பேச முடியாம கெடக்கறவ மச்சான்! விசாரணைக்கு வரச் சொல்லியிருக்காங்க. அவ உங்ககிட்டக் கேக்கச் சொன்னா."

நோட்டைத் திறந்து காட்டினார். "நான் எப்போ பாடினேன்? அண்ணாவைக் கேளு. அண்ணாவுக்குத் தேதி தெரியும்" என்று எழுதியிருந்தாள். எழுத்து அவசரத்தில் கோணலாக இருந்தது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நான் பாத்துக்கறேன் மாப்பிள்ளை" என்றார். அந்த எழுத்தை ஒட்டிய கை என்னுடையது.

முதலாளி கூப்பிட்டுச் சொன்னார். "போய் உளறி வைக்காதீங்க. ஒரு எழுத்து பொய்யின்னு நீங்களே சொன்னீங்கன்னா, நாம போட்ட அத்தனை டிஸ்க்கும் பொய்யின்னு ஆயிடும். எந்தக் கடைக்காரன் நம்மள நம்புவான்? தங்கச்சிக்கு வேற வேலைக்கு நான் ஏற்பாடு பண்றேன்." வேறு வேலையாம். பாட்டைத் தவிர அவளுக்கு என்ன தெரியும்?

விசாரணைக்கு ஐந்து நாள் இருந்தது. அவர் தினமும் வந்தார், அலமாரிகளைச் சுற்றினார், சீவின பென்சிலையே சீவினார். நான்காம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அங்க உங்க தங்கச்சிக்கு வேலை போகப்போகுது. திருடின்னு பேர் வரப்போகுது. நீங்க இங்க பென்சில் சீவிக்கிட்டு இருக்கீங்க. உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"நான் போய்ச் சொன்னா, இத்தனை வருஷம் எழுதினது ஒண்ணுக்கும் மதிப்பில்லாமப் போயிடும்மா" என்றார்.

"போகட்டுமே."

பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு, "நாளைக்கு என்கூட வர முடியுமா? டிஸ்க் பிளேயரைத் தூக்கிக்க ஒரு ஆள் வேணும்" என்றார்.

விசாரணை அறையில் நீள மேசை. நடுவில் நிர்வாக அதிகாரி, ஒரு பக்கம் இசைப் பிரிவின் தலைவி, இன்னொரு பக்கம் ரிஜிஸ்டரோடு நூலகக் குமாஸ்தா. எதிரே தங்கையும் கணவரும். அவள் கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தேதியைச் சொல்லிக் காப்பாற்ற வந்துவிட்டார் என்று நினைத்திருப்பாள்.

அவர் நின்றுகொண்டே சொன்னார். பாட்டு எட்டு வருஷம் பழையது, தாள் பொய், எழுத்து பொய், இரண்டையும் எழுதியது தானேதான் என்று. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அதிகாரி சாய்ந்து உட்கார்ந்தார். "அந்தப் பழைய தாள் எங்க?"

"கிழிச்சுட்டேன்."

"டேப்?"

"அழிச்சாச்சு."

தங்கை தலை நிமிர்ந்தது அப்போதுதான்.

"இப்ப வந்து சொல்றீங்க. அன்னிக்குத் தங்கச்சிக்காகப் பொய் எழுதினேன்கறீங்க. இன்னிக்கும் தங்கச்சிக்காகப் பொய் சொல்லலன்னு நாங்க எப்படி நம்பறது?"

கேட்டது நியாயம்தான். அவர் என் கையிலிருந்த பிளேயரை வாங்கி மேசை மேல் வைத்து, மூன்றாவது பாட்டை ஓட்டி, ஹெட்போனை அதிகாரியிடம் நீட்டினார்.

"வாத்தியம் எல்லாம் நிக்கும். ரெண்டு நொடி சும்மா இருக்கும். அப்புறம் அவ மேல் சுரத்துல எடுப்பா. அந்த ரெண்டு நொடியக் கவனிங்க."

அதிகாரி கேட்டார். ஒன்றும் இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினார். இசைத் தலைவி வாங்கி மாட்டிக்கொண்டார். ஒரு தரம் கேட்டார், திருப்பிப் போடச் சொல்லி இன்னொரு தரம் கேட்டார். மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாடறதுக்கு முன்னாடியே பாடறாங்க" என்றார்.

"ஆமாங்க. டேப்பைச் சுத்தி வருஷக்கணக்கா வெச்சிருந்தா, ஒரு சுத்துல இருக்கற சத்தம் அடுத்த சுத்து மேல லேசா ஒட்டிக்கும். அதனாலதான் எடுக்கறதுக்கு ஒரு கணம் முன்னாடி, அதே குரல் தூரத்துல கேக்கற மாதிரி கேக்குது. டேப்புல மட்டும்தான் இது வரும். டிஜிட்டல்ல பதிஞ்சா வரவே வராது. வெட்டிடவான்னு இன்ஜினியர் கேட்டார். எனக்கு மனசு வரல."

குமாஸ்தா எழுந்து வந்து ஹெட்போனை வாங்கினார். கேட்டுவிட்டு அதிகாரியிடம், "டேப்தான் சார். சந்தேகமே இல்ல. நான் ரிஜிஸ்டரைத் திருத்தணும்" என்றார். தன்னால் வந்த வினை என்று அந்த ஆள் தங்கையின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

இசைத் தலைவி ஹெட்போனைத் தங்கையிடம் கொடுத்தார். அவள் தயங்கித்தான் மாட்டிக்கொண்டாள். பாட்டு ஓடியது. வெளியே எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். தொண்டை ஒரு தரம் அசைந்தது, கூடவே பாடப் போகிறவளைப் போல. உடனே கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதினாள். அதிகாரிக்குத்தான் எழுதுகிறாள் என்று நினைத்தோம். ஆனால் அண்ணன் பக்கம் தள்ளினாள்.

அவர் படித்தார், மூடி வைத்தார். நான் எட்டிப் பார்த்தது அவளுக்குத் தெரியும். மறைக்கவில்லை.

"'ஏ'ன்னு போட உனக்கு வெக்கமா இருந்துச்சா?"

எத்தனை கடைக்காரர்களிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார், அது மிஷினின் வகை, பாடினவர்களுக்குப் போட்ட மார்க் இல்லை என்று. சொந்தத் தங்கை பாட்டு வந்தபோது அவரும் அதை மார்க்காகத்தான் பார்த்திருக்கிறார். அவர் தங்கையின் பக்கம் திரும்பவே இல்லை. பிளேயரின் ஒயரைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வேலை பிழைத்தது. குரல்தான் பிழைக்கவில்லை. போகப்போகப் பேசலாம், பாட முடியாது என்று டாக்டர் முடிவாகச் சொன்னார். நிலையத்தில் அவளை இசை நூலகத்துக்கு மாற்றினார்கள், அதே குமாஸ்தாவுக்கு உதவியாக.

இங்கே முதலாளி கத்தவில்லை. அலமாரிச் சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் எழுதிய ஆயிரத்துச் சொச்சம் சீட்டுகளையும் மறுபடி சோதிக்கப் புது ஆள் வந்தான், ஒரு வாரத்தில் சலித்துப்போய் நின்றுவிட்டான். இப்போது அந்தக் கட்டத்துக்கான எழுத்தை விற்பனை மேனேஜர் சொல்கிறார். நான் ஒட்டுகிறேன்.

நம் ஆள் ஒரு வக்கீல் ஆபீசில் தபால் பதிவு செய்கிற வேலைக்குப் போனார். மாதம் ஒரு தரம் அந்தப் பக்கம் போகும்போது எட்டிப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்கை வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அவள் தட்டு வைப்பாள், பரிமாறுவாள், கேட்டதற்கு நோட்டில் பதில் எழுதுவாள். டாக்டர் இன்னும் பேச விடவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மாப்பிள்ளை வாய்தவறி, "நேத்து பக்கத்து வீட்டம்மாகிட்ட முக்கால் மணி நேரம் பேச்சு மச்சான், நிறுத்தவே முடியல" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் பேச ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இவரிடம் மட்டும்தான் நோட்டு. அதற்குப் பிறகும் அவர் போவதை நிறுத்தவில்லை. அவளும் நோட்டை நிறுத்தவில்லை.

போன மாதம் நான் போனபோது ஆள் மேசையில் இல்லை. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"நேத்து போன் வந்துச்சு" என்றார்.

"யாரு?"

"எடுத்தேன். எடுத்ததும் பேசல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. அப்புறம், 'ஒரு டிஸ்க்க ரிஜிஸ்டர்ல ஏத்தணும், முதல் எழுத்து என்ன?'ன்னு கேட்டாங்க. கட்டையா, ஆம்பளைக் குரல் மாதிரி. பழைய கடைக்காரங்க யாராவது இருக்கும்னு நெனச்சேன். 'யாருங்க பேசறது?'ன்னு கேட்டேன்."

எனக்குப் புரிந்துவிட்டது.

"அந்தப் பக்கம் சத்தமே இல்ல. ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மறுபடியும் அதே கேள்வி. 'முதல் எழுத்து என்ன, சொல்லு.' அந்த 'சொல்லு'லதான் தெரிஞ்சுது. 'ஏ'ன்னு சொன்னேன். ரெண்டாவதுன்னா. டின்னு சொன்னேன். மூணாவதுன்னா. டின்னேன். எழுதற சத்தம் கேட்டுச்சு. 'சரி'ன்னு சொல்லி வெச்சுட்டா."

"பேசிட்டாளே. அது நல்லதுதானே?" என்றேன்.

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"மூச்சு விட்டாலே ஆளைச் சொல்லிடுவேன்னு உங்ககிட்ட எத்தனை தரம் பீத்தியிருக்கேன்? என் தங்கச்சிம்மா. அவகிட்டப் போய் யாருங்கன்னு கேட்டுட்டேன்."